நான் போயிட்டேன் டீச்சர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் சமாச்சாரம் வேறு. ஆனால் கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம். நானே பாதி தெரிந்தவள்தான்.

போன வாரம் என்னோடு முன்பு வேலை பார்த்த இளம் ஆசிரியை ஒருவர் போன் செய்தார். அவருடைய பள்ளிக்கு யாரோ பழைய கம்ப்யூட்டர்கள் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் பலவீனமானவை. அதனால் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக வைத்து, அதில் லினக்ஸ் போட்டு, மற்றவற்றை அதோடு இணைத்திருக்கிறார்கள். "டீச்சர், பிள்ளைங்க எல்லாம் வெளிய போன பிறகும் சர்வர்ல அவங்க பேரு ஓடிக்கிட்டே இருக்கு. மெமரி நிரம்பி அடுத்த வகுப்புக்கு மெஷின் நகர மாட்டேங்குது. யாரைக் கேட்டாலும் நான் சரியாத்தான் மூடினேன்ங்குறாங்க. யாரைக் கண்டிக்கிறதுன்னு தெரியலை" என்றார்.

கடைசி வரியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நான் கண்டித்திருக்கிறேன். தப்பான ஆளை.

கதையைச் சொல்கிறேன்.

2010-இல் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஒரு பழைய மாணவன் வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவன் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய 10 கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொன்றிலும் 128 எம்பி மெமரி. அதைத் தனியாக ஓட்டினால் ஒரு படம் வரைவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் 4 ஜிபி மெமரி உள்ள ஒரு சர்வரையும் கொண்டுவந்து, அதில் எடுபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். எல்டிஎஸ்பி என்று ஒரு ஏற்பாடு, லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் என்று அதன் விரிவு, 1999-இல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் என்பவர் தொடங்கியது. பிள்ளை உட்காரும் மேசையில் திரையும் கீபோர்டும் மட்டும்தான் வேலை செய்யும். வரைவது, தட்டச்சு செய்வது, இணையம் பார்ப்பது எல்லாம் உண்மையில் மூலையில் இருக்கும் சர்வருக்குள் நடக்கும்.

"டீச்சர், இதைக் கல்யாணப் பந்தி மாதிரி நினைச்சுக்குங்க. சமையல்கட்டு ஒண்ணுதான். இலை பத்து" என்றான். எனக்கு உடனே புரிந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு யார் என்று கேள்வி வந்தபோது மற்றவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த காலத்தில் கம்ப்யூட்டரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சாவி என் கைக்கு வந்தது. அந்தப் பையன் இரண்டு நாள் தங்கி, ஒரு நோட்டில் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சர்வரை அணைக்க வேண்டாம், ராத்திரியில் அது பிள்ளைகளின் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளும் என்றான். தலைமையாசிரியர் அறை இன்வெர்ட்டரிலிருந்து அதற்கு ஒரு ஒயர் இழுத்தோம். பத்து மேசைகளுக்கும் இன்வெர்ட்டர் தாங்காது. அவை நேராக மின்வாரியக் கரண்ட்டில்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தனி லாகின் பெயர். வகுப்பும் வரிசை எண்ணும் சேர்ந்தது. ஏழாம் வகுப்பு, 14-ஆம் எண் என்றால் எஸ்714.

அந்த எஸ்714 ஒரு பெண்பிள்ளை. பெயர் சொல்ல மாட்டேன். இப்போது எங்கோ நன்றாக இருக்கிறாள். அந்த வயதிலேயே தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வாள். சாப்பாட்டு வேளையில்கூட "அறையைத் திறந்து விடுங்க டீச்சர்" என்று வந்து நிற்பாள். 2012-13 கல்வியாண்டில் ஏழாம் வகுப்புக்கு ஒரு மாணவர் இதழ் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தபோது, ஆசிரியர் பொறுப்பை அவளுக்குத்தான் கொடுத்தேன். பாட்டிமார் சொன்ன கதைகள், விடுகதை, ஊர்க் கோயில் வரலாறு என்று வகுப்பே எழுதிக் கொடுக்க, அவள் தட்டச்சு செய்தாள்.

2012 எப்படிப்பட்ட ஆண்டு என்று தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மாவு அரைக்கக் காத்திருந்த காலம். பள்ளியில் பத்துத் திரையும் ஒரே நேரத்தில் கறுத்துப்போகும். பிள்ளைகள் "ஓ" என்று கத்துவார்கள். மூலையில் சர்வர் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஆண்டுதான் புகார்கள் தொடங்கின. ஒரு பையன் ஃபயர்பாக்ஸைத் திறந்தால், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, முதலில் அதை மூடு என்று செய்தி வரும். "என் கம்ப்யூட்டருக்குள்ள யாரோ இருக்காங்க டீச்சர்" என்பான். நான் சிரித்துவிட்டு நகர்வேன். இன்னொரு பிள்ளை தட்டிய எழுத்து அரை நிமிடம் கழித்துத் திரையில் வரும்.

ஒரு புதன்கிழமை மதியம். எட்டாம் வகுப்புப் பாடவேளை. பத்துத் திரையும் கல்லாய் நின்றுவிட்டன. நோட்டைப் புரட்டினேன். "மெதுவானால் சர்வரில் டாப் என்று அடிக்கவும். யார் அதிகம் சாப்பிடுகிறார் என்று தெரியும்" என்று எழுதியிருந்தான். அடித்தேன். முதல் வரியிலேயே எஸ்714. ஃபயர்பாக்ஸ். 90 சதவீதத்துக்கும் மேல்.

அறையில் இருந்தது எட்டாம் வகுப்பு. அவள் ஏழாம் வகுப்பு. அவள் பெயர் எப்படி இங்கே வந்தது?

முந்தின நாள்தான் சாப்பாட்டு வேளையில் அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்டாள். நான் மறுத்திருந்தேன். சாவி என் அலமாரியில் தொங்கும். என் மனம் மடமடவென்று கணக்குப் போட்டது. ஒன்று, சாவியை எடுத்துத் திறந்திருக்கிறாள். அல்லது பாஸ்வேர்டை எட்டாம் வகுப்பில் யாருக்கோ கொடுத்திருக்கிறாள். 30 வருஷமாக வருகைப் பதிவேடு எடுத்தவள் நான். பெயர் இருந்தால் ஆள் இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

ஏழாம் வகுப்புக்குப் போனேன். எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தினேன்.

"நீ எப்ப லாக்அவுட் பண்ணின?"

"திங்கக்கிழமையே போயிட்டேன் டீச்சர். கரண்ட்டு போச்சு. அதுக்கப்புறம் நான் வரவே இல்ல."

"போயிட்டா உன் பேரு எப்படி அங்க ஓடும்?"

அவளிடம் பதில் இல்லை. பதில் எனக்கே தெரியாதபோது அவளுக்கு எப்படித் தெரியும்? "நான் போயிட்டேன் டீச்சர்" என்று திரும்பவும் சொன்னாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் வரக் கூடாது என்றேன். அன்று மாலையே நோட்டைப் பார்த்து அவளுடைய கணக்கைப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை இதழ் வேலையை வேறொரு பிள்ளையிடம் கொடுத்தேன்.

அடுத்த திங்கள். மறுபடியும் மந்தம். மறுபடியும் டாப். முதல் வரியில் எஸ்714.

என் கையாலேயே பூட்டிய கணக்கு. சாவி அன்றிலிருந்து என் இடுப்பில். அவள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் பெயர் ஓடுகிறது.

அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று ராத்திரி சென்னைப் பையனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் சில நொடி பேசவில்லை. பிறகு சொன்னான்: "டீச்சர், ஆள் போயிருப்பா. அவ ஆரம்பிச்ச வேலை போயிருக்காது."

மறுநாள் காலையில் அவன் போனில் சொல்லச் சொல்ல, சர்வரில் வேறொரு கட்டளையை அடித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையையும், அதாவது பிராசஸையும், அது யாருடையது, அதன் எண் என்ன, அதைத் தொடங்கி வைத்த தாய்ப் பிராசஸின் எண் என்ன, எப்போது தொடங்கியது என்று வரிசையாகக் காட்டும். எஸ்714-இன் ஃபயர்பாக்ஸுக்கு நேரே தொடங்கிய நேரம் இருந்தது. அவள் சொன்ன அதே திங்கட்கிழமை, காலை 11:20. ஏழாம் வகுப்பின் பாடவேளை அது. கரண்ட் போனது 11:30 வாக்கில்.

தாய் எண் 1 என்று இருந்தது. "ஒண்ணுன்னா என்னப்பா?" என்றேன். "சர்வர்ல முதல்ல எழுந்திருக்கிற பிராசஸ் டீச்சர். தாய் செத்துப்போன பிள்ளைகளை எல்லாம் அதுதான் எடுத்து வளர்க்கும்" என்றான். அவளுடைய வேலையைத் தொடங்கி வைத்த இணைப்பு அறுந்துவிட்டது. வேலை மட்டும் அநாதையாக எட்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. திரை போய்விட்டது என்று தெரிந்தவுடன் பெரும்பாலான நிரல்கள் தாமாக நின்றுவிடும். சில நிற்காது. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு சர்வரைத் தின்னும். கணக்கைப் பூட்டினால் புதிதாக உள்ளே வர முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஓடுவதை அது தொடாது.

எழுத்தறிவிக்கும் வேலை என்னுடையது. சாட்சி எல்லாம் சர்வருக்குள்ளேயே, எழுத்தில் இருந்தது. நான் பெயரை மட்டும் வாசித்தேன். நேரத்தைத் தேடவில்லை.

இதைப் பந்தியை வைத்தே சொன்னால் உங்களுக்கும் விளங்கும். சாப்பிட்டு முடித்தவர் இலையை மடித்துவிட்டு எழுந்திருப்பார். மடித்த இலையைப் பார்த்தவுடன் எடுத்துவிட்டு அடுத்த பந்திக்கு இலை போடலாம். முறையாக லாக்அவுட் செய்வது இலையை மடிப்பது. கரண்ட் போவது எப்படி என்றால், பந்தி நடுவில் பெருமழை கொட்டி எல்லோரும் எழுந்து ஓடியது மாதிரி. இலைகள் விரிந்தபடியே கிடக்கும். பரிமாறுபவர் உள்ளே சமையல்கட்டில் நிற்கிறார். அவருக்கு மழை தெரியாது. இலை விரிந்திருக்கிறது, ஆள் இருக்கிறார் என்றுதான் நினைப்பார்.

சர்வரும் அப்படித்தான். மேசைக் கம்ப்யூட்டர் "போகிறேன்" என்று சொல்லாமல் செத்தால் சர்வருக்குத் தகவலே வராது. பேசுவதற்கு எதுவும் இல்லாத இணைப்பு என்றால், லினக்ஸ் தன் வழக்கப்படி 2 மணி நேரம் கழித்துத்தான் "இருக்கிறாயா?" என்று முதல் முறை விசாரிக்கும். அதற்குள் கரண்ட் வந்து, அதே பிள்ளைகள் மறுபடி உள்ளே வந்திருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு இலை.

அந்தப் பையன் ஒரு கணக்கும் சொன்னான். இந்த மாதிரி சர்வருக்கு ஒரு தோராய விதி உண்டாம். சர்வருக்கென்று 256 எம்பி, ஆளுக்கு 192 எம்பி. பத்துப் பிள்ளைகள் என்றால் 256-உடன் 1920 சேர்த்து 2176. எங்கள் 4 ஜிபிக்குத் தாராளம். ஒரு தடவை கரண்ட் போய், பழைய பத்து நிற்காமல் புதிய பத்து வந்தால் 20 பேர். 256-உடன் 3840 சேர்த்தால் 4096. சரியாக 4 ஜிபி. கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். ஒரு கரண்ட் கட் எங்கள் சர்வரை விளிம்பு வரை நிரப்பிவிடும். மேசைகளில் பத்துப் பிள்ளைகள்தான் இருப்பார்கள்.

அன்று பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும் நேராக ஏழாம் வகுப்புக்குப் போனேன். அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நான்தானே நிற்க வேண்டியவள். "போன வாரம் நான் சொன்னது தப்பு. இவள் சொன்னதுதான் சரி. இவள் திங்கட்கிழமையே போய்விட்டாள். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவள் "சரி டீச்சர்" என்றாள். இதழ் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள் என்றேன். "வேணாம் டீச்சர். அவ பாதி முடிச்சிட்டா. அவளே பண்ணட்டும்" என்றாள். இதழ் வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் இவள் பெயர் இல்லை.

சரி, இனி இப்படி நடக்கக் கூடாது என்று சுத்தம் செய்யும் வேலையில் இறங்கினேன். அங்கேயும் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸில் ஒரு பிராசஸை நிறுத்த கில் என்று ஒரு கட்டளை. அதில் எண்கள் உண்டு. 9 என்று கொடுத்தால் உடனே முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். தினமும் மாலை 4:20-க்குப் பிள்ளைகள் பெயரில் ஓடும் எல்லாவற்றையும் 9 கொடுத்து நிறுத்தும்படி ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு எழுதி, கடிகாரம் பார்த்து வேலை செய்யும் கிரானில் போட்டேன். ஒரு வாரம் அறை பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அறிவியல் கண்காட்சிக்கான கட்டுரையை மாலையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னதே நான்தான். மணி 4:20. அவன் கண் முன்னாலேயே திரை மறைந்து லாகின் பக்கம் வந்துவிட்டது. சேமித்து வைக்கவில்லை. மறுநாள் திறந்தபோது ஓபன் ஆபிஸ் தானாக எடுத்து வைத்திருந்த பாதிதான் மீண்டது. அவன் அழவில்லை. "பரவால்ல டீச்சர், மறுபடி அடிச்சுக்குறேன்" என்றான். எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

முதல் தடவை, போனவளை இருக்கிறாள் என்றேன். இரண்டாம் தடவை, இருந்தவனைப் போய்விட்டான் என்றேன். இரண்டு தடவையும் ஒரே காரணம்தான். ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை.

சென்னைப் பையன் சிரித்தான். பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தான். இளம் ஆசிரியைக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மழை பெய்தது பரிமாறுபவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் சர்வரில் பிள்ளைகளின் இணைப்பு எஸ்எஸ்எச் வழியாக வந்தது. அதன் அமைப்புக் கோப்பில் கிளையன்ட்அலைவ்இன்டர்வெல் என்று ஒரு வரி உண்டு. சும்மா விட்டால் அது 0, அதாவது விசாரிக்கவே விசாரிக்காது. அதை 60 என்று மாற்றினோம். பதில் வராவிட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறாயா?" என்று கேட்கும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். 2 மணி நேரம் காத்திருந்தது, மூன்று நிமிடத்தில் முடிந்தது.

2. பிறகு ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் உயிருள்ள இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தொடக் கூடாது. மணி எத்தனை ஆனாலும் சரி.

3. இணைப்பு இல்லை, ஆனால் வேலை ஓடுகிறது என்றால் முதலில் 15 கொடுக்க வேண்டும். அதற்கு டெர்ம் என்று பெயர். "நேரமாச்சு, சாமானை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பு" என்று சொல்வது. கேட்கிற நிரல்கள் தம்மால் முடிந்ததை ஒழுங்குபடுத்திவிட்டுப் போகும்.

4. பத்து, இருபது விநாடி பொறுத்துப் பார்த்து, அப்போதும் நகராததற்கு மட்டும் 9. இதில் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. நிரலுக்கே தெரியாமல் ஆளைத் தூக்கி வெளியே வைப்பது.

5. பிள்ளைகள் அல்லாதவர்களின் வேலையைத் தொடவே கூடாது. எங்கள் உபுண்டு வகை லினக்ஸில் சாதாரணப் பயனர்களின் எண் 1000-இலிருந்து தொடங்கும். அதற்குக் கீழே உள்ளவை சர்வரின் சொந்த வேலைகள். அதில் கை வைத்தால் சமையல்கட்டையே இடித்த மாதிரி.

6. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே லாகின் பெயர் வைக்காதீர்கள். பல இடங்களில் சோம்பல்பட்டு அப்படித்தான் வைக்கிறார்கள். ஒருவன் போனான் என்று அந்தப் பெயரைச் சுத்தம் செய்தால், இருக்கிற ஒன்பது பேரும் சேர்ந்து வெளியே விழுவார்கள்.

இது இந்த ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2016-இல் லினக்ஸ் உலகத்திலேயே இதை வைத்து ஒரு சண்டை நடந்தது. இப்போது பெரும்பாலான லினக்ஸ்களில் முதலில் எழுந்திருக்கும் அந்த 1-ஆம் எண் பிராசஸ் சிஸ்டம்டி. பயனர் லாக்அவுட் செய்தவுடன் அவருடைய எல்லா வேலைகளையும் நிறுத்திவிடும் வசதி அதில் உண்டு. கில்யூசர்பிராசஸஸ் என்று அதற்குப் பெயர். 230-ஆம் பதிப்பில், யாரும் கேட்காமலேயே அது நடக்கும்படி மாற்றினார்கள். உடனே எதிர்ப்பு கிளம்பியது. காரணம் நியாயமானது. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய ஒரு பெரிய கணக்கைத் தொடங்கி வைத்துவிட்டு, லாக்அவுட் செய்து வீட்டுக்குப் போய், காலையில் வந்து விடையைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். ஸ்கிரீன், டிமக்ஸ் என்ற நிரல்கள் அதற்காகவே உள்ளவை. அவர்கள் வந்து பார்த்தால் வேலை மாயமாகியிருக்கும். டெபியன் அந்த மாற்றத்தை ஏற்காமல், பழையபடி நிறுத்தாமல் விடுவதையே வைத்துக்கொண்டது.

இரண்டு பக்கமும் சரிதான் என்று எனக்குப் பட்டது. போனவர் விட்டுப்போனது குப்பையா, அல்லது அவர் திரும்பி வந்து பார்க்கப்போகும் வேலையா? மெஷினுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த இடத்தை யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்த மனிதர்தான் சொல்ல முடியும். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் ராத்திரி முழுக்க ஓட வேண்டிய கணக்கு எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அதனால் அங்கே அந்த வசதியை ஆன் செய்து வைப்பதுதான் நல்லது. லாகின்டி அமைப்புக் கோப்பில் ஒரே வரி. எங்கள் பழைய சர்வரில் அந்த வரி கிடையாது, அதனால் கையால் எழுதினோம். இன்று இருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. யாருக்காவது விதிவிலக்கு வேண்டும் என்றால் அந்தப் பெயருக்கு மட்டும் லிங்கர் கொடுக்கலாம். அப்போது லாக்அவுட்டுக்குப் பிறகும் ஓடுவதற்கென்று முறைப்படி தொடங்கிய வேலை நிற்காது.

ஆனால் ஒன்று. இந்த வசதி வேலை செய்வது இலையை மடித்த பிறகு. இணைப்பு அறுந்தும் லாக்அவுட் ஆகாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. இளம் ஆசிரியையின் பள்ளியில் எக்ஸ்ஆர்டிபி என்ற தொலைமேசை முறையில் இணைத்திருக்கிறார்கள். அதில் ஜன்னலை மூடினாலும் கரண்ட் போனாலும் உள்ளே வேலை அப்படியே காத்திருக்கும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சொன்னது பொய் இல்லை. அவர்கள் "மூடினேன்" என்றது ஜன்னலை. லாக்அவுட்டை அல்ல. இரண்டும் வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதன் செஸ்மேன் அமைப்புக் கோப்பில், துண்டித்த எத்தனை நேரம் கழித்து நிறுத்துவது என்று ஒரு வரி இருக்கிறது. பள்ளிக்கு அரை மணி நேரம் வைக்கலாம் என்றேன். கரண்ட் போய் உடனே வந்தால் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போனது போனதுதான் என்றால் அடுத்த வகுப்புக்குள் இடம் காலியாகிவிடும்.

எல்டிஎஸ்பியும் மாறிவிட்டது. 2019-இல் கிரீஸ் நாட்டைச் சேர்ந்த அல்கிஸ் ஜார்ஜோபுலஸ் என்பவர் அதைப் புதிதாக எழுதினார். அதில் சர்வர் பெரும்பாலும் கோப்புகளைப் பரிமாறுவதோடு சரி. நிரல்கள் பிள்ளையின் மேசைக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். கரண்ட் போனால் எல்லாம் அங்கேயே அணையும். மிச்சம் இருக்காது. ஆனால் அதற்கு மேசைக் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். எங்கள் 128 எம்பி நோஞ்சான்களால் ஆகாது.

இவ்வளவுதான் தொழில் விஷயம். இனி அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

அவள் கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்ப வந்தாள். முன்பு போலவே வேகமாகத் தட்டச்சு செய்தாள். ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பாடவேளை முடிந்து மற்றப் பிள்ளைகள் ஓடிப்போவார்கள். இவள் லாக்அவுட் செய்துவிட்டு நேராக என் மேசைக்கு வருவாள். "நான் போயிட்டேன் டீச்சர். பாத்துக்குங்க" என்பாள். நான் சர்வரில் பட்டியலைப் போட்டு, எஸ்714 இல்லை என்று அவளுக்குக் காட்டும்வரை நகர மாட்டாள். "வேண்டாம்மா, நான் நம்புறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "பாத்துடுங்க டீச்சர்" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். சாதாரணமாகத்தான் சொல்வாள். அதுதான் எனக்கு வலித்தது.

எட்டாம் வகுப்பில் அவள் பெயர் எஸ்814 ஆனது. அப்போதும் அப்படித்தான். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும் ஒரு நாள்கூட விட்டதில்லை.

சர்வரில் மிச்சம் கிடந்ததை மூன்று நிமிடத்தில் துடைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு புதன்கிழமை மதியம் நான் வகுப்பில் சொன்னது அவளுக்குள் ஒன்றரை வருஷம் ஓடியது.

தங்கையே, யாரைக் கண்டிப்பது என்று கேட்டீர்கள். யாரையும் கண்டிக்காதீர்கள். முதலில் அந்தப் பெயருக்கு நேரே தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். பிறகு பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, ஜன்னலை மூடுவதற்கும் லாக்அவுட் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியலிலேயே காட்டுங்கள். தன் பெயர் அதிலிருந்து மறைவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்க மாட்டார்கள்.

கட்டளைக் கோப்பு வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். என் பழைய நோட்டு இன்னும் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்